எங்கே பார்த்தீர்கள்?

“வரலாறு கூறுகிறது” என்று ஒருவர் எழுதுகிறார். “அறிஞர்கள் கருதுகின்றனர்” என்று இன்னொருவர் எழுதுகிறார். எந்த வரலாறு, எந்த அறிஞர், எந்தப் புத்தகத்தில், எத்தனையாவது பக்கத்தில் என்று கேட்டால் இருவருக்கும் கோபம் வந்துவிடுகிறது. சந்தேகப்படுகிறோம் என்று நினைத்துக் கொள்கிறார்கள். சந்தேகம் அல்ல, நாமும் போய்ப் பார்க்கலாமே என்ற ஆசைதான்.

ஊர்ப்பெயர் வந்த விதம், கோயில் எழுந்த கதை, குடும்பப் பெருமை, போராட்ட நினைவு ஆகியவற்றைப் பற்றி இன்று நம் ஊர்களில் எழுதுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். கொடைவிழா மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், கைப்பேசியில் ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தாவும் செய்தி என்று எங்கும் சரித்திரம். இந்த ஆர்வத்தைப் பாராட்ட வேண்டும். ஆனால், எடுத்த இடத்தைச் சொல்லாத சரித்திரம் எத்தனை அழகாக இருந்தாலும் விலாசமில்லாத கடிதம்தான். பதில் எழுதவும் முடியாது, விசாரிக்கவும் முடியாது.

மற்ற ஊர்க்காரர்களைவிடக் களியக்காவிளைக்காரர்களுக்கு இந்த விஷயம் அதிக அவசியமானது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதி வரையில் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு தாலுக்காக்களும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தன. மக்கள் இந்தப் பக்கம் வந்தார்கள், நிலமும் வந்தது, பழைய காகிதங்களில் பெரும்பகுதி வரவில்லை. விளவங்கோடு தாலுக்காவின் பழைய கதையை எழுத விரும்புகிறவர் நாகர்கோவிலில் தேடினால் கொஞ்சம் கிடைக்கும். திருவனந்தபுரத்தில் கேரள அரசு ஆவணக் காப்பகத்தின் படியேறினால் மிகுதி கிடைக்கும். பழைய நிலப் பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கும். கல்வெட்டுக்கள் வட்டெழுத்தில் இருக்கும். அச்சான அறிக்கைகள் ஆங்கிலத்தில் இருக்கும். பத்மநாபபுரம் அரண்மனையைப் போலத்தான்: கட்டடம் நம் மாவட்டத்தில், சாவி கேரள அரசிடம். இந்த நிலையில், முன்னே போனவர் பின்னே வருகிறவருக்கு வழி சொல்லிவிட்டுப் போகவில்லையென்றால், ஒவ்வொரு தலைமுறையும் முதலிலிருந்து தேட வேண்டியதுதான். தேட முடியாதவர்கள் கற்பனை செய்வார்கள். அதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

வழி சொல்வதென்றால் எப்படிச் சொல்வது? இதற்கு மிகப் பழைய உதாரணம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது.

முஞ்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் என்ற ஊரில் பழைமையான விஷ்ணு கோயில் ஒன்று உண்டு. அதைக் கட்டியவன் ஆய் மன்னன் கருநந்தடக்கன். கட்டிய விவரத்தைச் செப்பேட்டில் எழுதி வைத்தான். அந்தச் செப்பேடு பிற்காலத்தில் திருவனந்தபுரம் ஹுசூர் கச்சேரியில் இருந்தபடியால் ஹுசூர்ச் செப்பேடு என்றே பெயர் பெற்றுவிட்டது. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் து. அ. கோபிநாத ராவ் அதைப் படித்து, ‘திருவிதாங்கூர் தொல்லியல் வரிசை’ என்ற ஆங்கில வெளியீட்டின் முதல் தொகுதியில் அச்சிட்டார்.

அந்தச் செப்பேட்டை எழுதியவனுடைய ஒழுங்கைப் பாருங்கள். தேதியைக் கலியுகம் பிறந்து கழிந்த நாட்களின் கணக்காகவே எழுதியிருக்கிறான்: 14,49,087 நாட்கள். யார் வேண்டுமானாலும் வகுத்துப் பார்த்துக் கொள்ளலாம், கி.பி. 866 என்று விடை வரும். “முன்னொரு காலத்தில்” என்று அவன் எழுதவில்லை. நிலம் எங்கிருந்து வந்தது? முஞ்சிறைச் சபையாரிடமிருந்து மாற்று நிலம் கொடுத்து வாங்கியது. நிலத்தின் பெயர்? உழக்குடிவிளை. (ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்தப் பக்கத்தில் நிலத்துக்கு ‘விளை’ என்று பெயர் இருந்திருக்கிறது என்பதைக் களியக்காவிளை அன்பர்கள் கவனிக்கலாம்.) கோயிலோடு தொண்ணூற்றைந்து மாணாக்கர்கள் தங்கிப் படிக்க ஒரு சாலையும் வைத்தான். எந்த வேதசாகைக்கு எத்தனை பேர் என்பதும் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது: 45, 36, 14. கூட்டிப் பார்த்தால் தொண்ணூற்றைந்து சரியாக இருக்கிறது. ஒருவரையொருவர் இகழ்ந்து பேசினால் தண்டம் என்பது போன்ற விதிகளும் உண்டு.

ஆனால், எல்லா விதிகளையும் அவன் எழுதவில்லை. சாலை எந்த முறையில் நடக்க வேண்டும் என்பதற்குக் காந்தளூரின் முறைமையைக் கைகாட்டிவிட்டான். காந்தளூர்ச் சாலை அந்நாளில் எல்லோரும் அறிந்த ஸ்தாபனம். அங்கே எப்படியோ, இங்கேயும் அப்படியே. படிக்கிறவனை வெளியே, வேறோரிடத்துக்கு அனுப்பும் குறிப்பு அது. அன்றைக்கு அது போதுமானதாக இருந்திருக்கும். யாருக்கேனும் ஐயம் வந்தால் காந்தளூருக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்திருப்பார்கள்.

இன்று நாம் எங்கே போய்க் கேட்பது? காந்தளூரின் விதிகள் எழுதப்பட்ட ஏடு எதுவும் நம் கைக்கு வரவில்லை. காந்தளூர் எங்கே இருந்தது என்பதே வழக்காகிவிட்டது. திருவனந்தபுரத்து வலியசாலைதான் அது என்பார் பலர். விழிஞத்துக்குப் பக்கம் என்பாரும் உண்டு. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் ராஜராஜ சோழன் அந்தச் சாலையில் ‘கலம் அறுத்தான்’ என்று அவனுடைய கல்வெட்டுக்கள் சொல்கின்றன. கலம் என்றால் கப்பலா, உண்கலமா? அறிஞர்கள் நூறாண்டாக வாதாடி வருகிறார்கள். நாஞ்சில் நாட்டுத் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதற்கென்றே ஒரு தனிநூல் எழுதினார். குழந்தைப் பாட்டுக் கவிஞர் என்று மட்டும் அவரை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். கல்வெட்டு ஆராய்ச்சியிலும் அவர் தேர்ந்தவர்.

செப்பேட்டை எழுதியவன் தன் கையிலே வைத்திருந்த விஷயங்களான தேதி, நிலம், எண்ணிக்கை, தண்டம் எல்லாம் இன்றைக்கும் நமக்கு அப்படியே கிடைக்கின்றன. “அங்கே பார்த்துக்கொள்” என்று கைகாட்டிய விஷயம் மட்டும் போய்விட்டது. காட்டிய கை இருக்கிறது. காட்டப்பட்ட இடம் இல்லை. வெளியே கைகாட்டுகிறவர்கள் அங்கே உள்ளதின் சாரத்தை இரண்டு வரியாவது தம் எழுத்தில் சொல்லிவிட்டுத்தான் கைகாட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

காந்தளூர் மட்டுமா? 1981-ஆம் ஆண்டு மே மாத முடிவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 புத்தகங்களும் ஏடுகளும் சாம்பலாயின. “இதன் பிரதி யாழ்ப்பாண நூலகத்தில் உள்ளது” என்று எங்கெங்கோ அச்சாகியிருந்த அடிக்குறிப்புக்கள் ஓர் இரவில் பொருளற்றுப் போயின. அந்தத் துயரத்தின் நினைவோடுதான் ஈழத்து இளைஞர்கள் 2005-இல் ‘நூலகம்’ என்ற இணையச் சேமிப்பைத் தொடங்கினார்கள். ஒரே இடத்தில் வைத்தால் ஒரே நெருப்பில் போய்விடும் என்று அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இணையம் என்றதும் சிலர் நினைக்கிறார்கள், அங்கே எதுவும் அழியாது என்று. அது தவறான அபிப்பிராயம். ஜினீவாவில் 1989-இல் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த ஏற்பாட்டில், ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு இணைப்புப் போட யாருடைய அனுமதியும் வேண்டாம். அதனால்தான் அது உலகமெல்லாம் பரவிற்று. ஆனால் அந்தப் பக்கத்து வீடு இடிந்துபோனால், வழி சொன்னவருக்குத் தகவல் வராது. அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புக்களில் மேற்கோள் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் பாதி, மேற்கோள் காட்டியபோது இருந்ததை இப்போது காட்டுவதில்லை என்று ஹார்வர்டு சட்ட ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். நாட்டின் தலைமை நீதிமன்றத்துக்கே இந்தக் கதி! ப்யூ ஆய்வு மையம் 2024-இல் கணக்கெடுத்தபோது, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் நூற்றுக்கு 38 பத்தாண்டுக்குள் மறைந்துவிட்டிருந்தன. ஆகவே இணைய முகவரி மட்டும் கொடுத்தால் போதாது. நூலின் பெயர், ஆசிரியர், ஆண்டு, பக்கம் ஆகிய நான்கையும் கூடவே எழுத வேண்டும். முகவரி செத்தாலும் இந்த நான்கும் வாசகரை வேறொரு பிரதியிடம் கொண்டு சேர்க்கும். 1996 முதல் இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்துவரும் பொதுக் காப்பகம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. அதில் ஒரு நகல் எடுத்து வைப்பதற்குக் காசு வேண்டாம், ஒரு நிமிஷம் போதும்.

பெயரைச் சொல்லி வைத்ததால் பிழைத்த நூல்களும் உண்டு. ‘புறத்திரட்டு’ என்று ஒரு பழைய தொகை நூல். தொகுத்த புண்ணியவான் தம் பெயரை எழுதாமல் போய்விட்டார். ஆனால் எந்தப் பாட்டு எந்த நூலிலிருந்து எடுத்தது என்பதைச் சுவடியில் குறித்து வைத்தார். முத்தொள்ளாயிரம் என்ற பெருநூல் முழுதும் அழிந்துவிட்டது. இன்று நாம் படிக்கும் நூற்றுச் சொச்சம் பாடல்கள் அநேகமாக அவருடைய குறிப்பால் கிடைத்தவைதாம். மயிலை சீனி. வேங்கடசாமி 1959-இல் வெளியிட்ட ‘மறைந்து போன தமிழ் நூல்கள்’ என்ற புத்தகமும் இப்படிப்பட்ட குறிப்புக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்ததுதான். உரையாசிரியர்களில் பலர் வேறொரு போக்கில் போனார்கள். “என்றார் பிறரும்” என்று சொல்லி ஓரடியை மேற்கோள் காட்டிவிட்டு மேலே நடந்துவிட்டார்கள். அவர்களுடைய காலத்து மாணாக்கர்களுக்கு அந்த நூல்கள் மனப்பாடம். ஆகையால் பெயர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நமக்கோ அந்த ‘பிறர்’ யாரென்று கண்டுபிடிப்பதற்குள் ஒரு ஆயுள் போய்விடுகிறது. உ. வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது செய்த உழைப்பில் ஒரு பெரும்பகுதி இதுதான். தமக்கு ஏட்டுப் பிரதி தந்து உதவியவர்களின் பெயரையும் ஊரையும் அவர் முகவுரையில் வரிசையாக எழுதினார். அது நன்றி மட்டும் அல்ல, நாளைக்கு ஐயம் வருகிறவனுக்கு விலாசம்.

இனி நம் ஊர்க் காரியத்துக்கு வருவோம். 1954-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் தேதி, திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் விடுதலை நாள் கொண்டாடியபோது, மார்த்தாண்டத்தில் தொடுவட்டியிலும், புதுக்கடையிலும் போலீஸார் சுட்டார்கள், உயிர்கள் பலியாயின. மார்ஷல் நேசமணி தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தை அறியாத குடும்பம் இந்தப் பக்கத்தில் இல்லை. அன்று ஆட்சியிலிருந்த பட்டம் தாணு பிள்ளையின் கட்சியைச் சேர்ந்த ராம் மனோகர் லோகியாவே, சுட்ட மந்திரிசபை விலக வேண்டுமென்று கேட்டார் என்பது வரலாறு. இத்தனை முக்கியமான நிகழ்ச்சியில் இறந்தவர்கள் எத்தனை பேர்? மலருக்கு மலர், மேடைக்கு மேடை, புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறுகிறது. அரசாங்கக் கணக்கு ஒன்று. கட்சிக் கணக்கு வேறு. நினைவிலிருந்து சொல்கிறவர்களின் கணக்கு மூன்றாவது.

எண்கள் வேறுபடுவதில் ஆச்சரியமில்லை. எந்தத் துப்பாக்கிச் சூட்டுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கு உண்டு. ஆனால், இந்த எண்ணை எந்தப் பத்திரிகையின் எந்தத் தேதி இதழிலிருந்து எடுத்தேன், எந்தச் சட்டசபைக் குறிப்பிலிருந்து எடுத்தேன் என்று எவரும் எழுதுவதில்லை. எழுதியிருந்தால் மூன்று கணக்கையும் எதிரெதிரே வைத்து, எது எப்படிப் பிறந்தது என்று ஒரு கல்லூரி மாணவன் ஒரு வாரத்தில் சொல்லிவிடுவான். எழுதாததால், எழுபது ஆண்டு கழிந்தும், உயிர் கொடுத்தவர்களை எண்ணி முடிக்க நம்மால் இயலவில்லை. அவர்களுக்கு மாலை போடுகிறோம். எண்ணிக்கையில் ஆளுக்கொரு விதமாகத் தடுமாறுகிறோம். இதைவிட வருந்தத்தக்கது வேறென்ன இருக்கிறது?

“மேற்கோளைக் காட்டினால் வாசகர் அங்கேயே போய்விடுவார், நம்மிடம் திரும்ப மாட்டார்” என்று பயப்படுகிற எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். சந்தையில் கடை வைத்திருக்கும் எவரையும் கேட்டுப் பாருங்கள். “இந்தச் சரக்கு என்னிடம் இல்லை, மூன்றாவது கடையில் நல்லதாகக் கிடைக்கும்” என்று சொல்லும் வியாபாரியிடம்தான் மறுநாளும் ஜனங்கள் வருகிறார்கள். தன்னிடம் இல்லாததையும் இருப்பதாகச் சொல்லி எதையோ கட்டிக் கொடுக்கிறவனிடம் ஒரு முறைதான் போவார்கள்.

அதற்காக, வரிக்கு வரி கைகாட்டிக்கொண்டே இருப்பதும் உபத்திரவந்தான். மழைக்காலத்தில் குழித்துறை ஆற்றில் வெள்ளம் வரும் என்பதற்கு யாரும் மேற்கோள் கேட்கப் போவதில்லை. படிக்கிறவர் எந்த இடத்தில் புருவத்தை உயர்த்துவாரோ அந்த இடத்தில் காட்டுங்கள். ஓர் எண், ஒரு தேதி, ஒருவர் மீது சொல்லும் குற்றம், வழக்கத்துக்கு மாறான ஒரு முடிவு இவைதாம் அந்த இடங்கள். பத்துப் புத்தகத்தின் பெயரைக் கடைசியில் மூட்டையாகக் கட்டி வைப்பதைவிட, ஒரே புத்தகத்தின் பக்க எண்ணை உரிய இடத்தில் வைப்பது மேல். அந்த மூட்டையை அவிழ்த்துப் பார்க்கிறவர்களும் குறைவு. அதைக் கட்டியவரே எல்லாவற்றையும் படித்திருப்பாரா என்பதும் சந்தேகம். தாம் படிக்காத நூலைப் பிறர் சொன்னதை வைத்துக் குறிப்பிடுகிறவர்கள், இன்னார் எடுத்துக்காட்டியதிலிருந்து எடுத்தேன் என்று சொல்லிவிட்டால் கௌரவக் குறைவு ஒன்றும் வந்துவிடாது.

சுட்டுகிற பெயரும் தெளிவாக இருக்க வேண்டும். களியக்காவிளை பஸ் நிலையத்தில் இரண்டு மாநிலத்துப் பஸ்களும் நிற்கின்றன. நாகர்கோவில், மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை, திருவனந்தபுரம் என்று பலகை போட்டிருக்கிறார்கள். ஒரு பஸ்ஸில் ‘இது போகும்’ என்று மட்டும் பலகை இருந்தால் யார் ஏறுவார்கள்? கைப்பேசிச் செய்திகளில் ‘இங்கே அழுத்துக’, ‘மேலும் படிக்க’ என்று போடுவது அந்தப் பலகைதான். அழுத்தினால் அரசாங்க அறிக்கை வருமா, மருந்து விளம்பரம் வருமா, மோசடிக்காரன் வருவானா என்று தெரியாமல் வயதானவர்கள் ஏமாறுகிறார்கள். எங்கே போகிறது, அங்கே என்ன இருக்கிறது, தமிழா மலையாளமா ஆங்கிலமா என்று முன்கூட்டியே சொல்வது மரியாதை. எல்லை ஊர்க்காரர்களுக்கு அந்த மூன்றாவது விவரம் மிகவும் முக்கியம். காசு வாங்கிக்கொண்டு காட்டும் வழியாக இருந்தால் அதையும் சொல்லிவிட வேண்டும். பத்திரிகையில் ‘விளம்பரம்’ என்று போடுகிற ஒழுங்கு அதற்குத்தான்.

இன்னொன்று. நமக்குச் சாதகமாகப் பேசுகிற நூலை மட்டும் காட்டுவது வக்கீல் வேலை. திருவிதாங்கூர் அரசாங்கம் வெளியிட்ட இரண்டு ராஜ்யக் கையேடுகள் இருக்கின்றன: நாகமய்யா எழுதியது 1906, வேலுப் பிள்ளை எழுதியது 1940. இரண்டும் அரசாங்கத்தின் கண்ணோட்டத்தில் எழுதப்பட்டவை. விளவங்கோட்டுக் குடியானவனின் குறையை அவற்றில் தேடினால் ஏமாற்றம் ஏற்படலாம். ஆயினும் அவற்றை ஒதுக்கக் கூடாது. “அவர்கள் இப்படிச் சொல்கிறார்கள், நான் ஒப்பவில்லை, காரணம் இது” என்று எழுதி, அவர்களுடைய பக்கத்தையும் காட்டிவிட்டால், தீர்ப்பு வாசகர் கைக்குப் போகிறது. மலையாளத்தில் எழுதுகிற நண்பர்களுக்கும் இதையே சொல்லுவோம். எல்லைக்கு அப்பால் எழுதப்படும் திருவிதாங்கூர் வரலாறுகளிலும் தமிழ் நூல்கள் மேற்கோளாக வருவது குறைவு. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே சோதனைச் சாவடி வாகனங்களுக்கு இருக்கலாம்; அடிக்குறிப்புக்களுக்கு வேண்டாம்.

ஆகஸ்ட் மாதத்தில் தியாகிகள் நினைவு மலர் வெளியிடும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாழ்த்துரைகளில் ஒன்றைக் குறைத்தால் அரைப் பக்கம் மிச்சமாகும். அந்த அரைப் பக்கத்தில், மலரில் வரும் ஒவ்வொரு எண்ணும் எந்தப் பத்திரிகையிலிருந்து, எந்த ஆவணத்திலிருந்து, யார் நேரில் சொல்லக் கேட்டு, எந்தத் தேதியில் எழுதியது என்று அச்சிடுங்கள். நேரில் கண்ட பெரியவர்கள் இன்று மிகச் சிலரே இருக்கிறார்கள். அவர்கள் சொன்னது என்ன, கேட்டு எழுதியவர் யார் என்ற இரண்டும் சேர்ந்திருந்தால்தான் அது சாட்சியம். அச்சான மலரில் ஒரு பிரதியை நாகர்கோவில் மாவட்ட மைய நூலகத்திலும், ஒரு பிரதியைச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலும், ஒன்றைத் திருவனந்தபுரத்திலும் கொடுத்து வையுங்கள். தபால் செலவு, ஒரு வாழ்த்துரையைப் பெறுவதற்கு அலைகிற செலவைவிடக் குறைவாகத்தான் ஆகும்.